அதிபரவளையம் : ஒரு கலைச்சொல்லின் வரலாறும் பொருளும்

1. முன்னுரை

இயற்கணிதத்தில் இரண்டாம்படிச் சமன்பாடுகளின் வரைபடங்களாக அமையும் வளைவரைகளுள் அதிபரவளையம் ஒன்று. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதத்தில் இது இருமுறை இடம்பெறுகிறது. பத்தாம் வகுப்பில் எதிர் மாறுபாட்டின் வரைபடமாகச் 'செவ்வக அதிபரவளையம்' அறிமுகமாகிறது; மேல்நிலை வகுப்பில் கூம்பு வளைவுகளுள் ஒன்றாக அதிபரவளையம் விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. இலங்கையில் இதே வளைவரை 'அதிபரவளைவு' எனப்படுகிறது. கன்னடத்தில் இதன் பெயர் 'அதிபரவலய', இந்தியிலும் அதுவே.

ஒரே கருத்துக்கு அண்டை மொழிகள் ஏறத்தாழ ஒரே சொல்லை வைத்திருப்பதும், ஒரே மொழியின் இரு நாட்டு வழக்குகள் வெவ்வேறு சொல்லை வைத்திருப்பதும் மொழியியல் நோக்கில் கருதத்தக்கவை. 1969ஆம் ஆண்டு மைசூருவில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2008 முதல் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டத்தின் மையமாகவும் விளங்குகிறது. உயர்கல்வி நூல்களை அட்டவணை மொழிகள் 22இலும் கொண்டுவர முயலும் அத்தகைய பணியில், ஒரு கலைச்சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினா அன்றாட வினாவாகிறது. அதிபரவளையம் என்னும் சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து, அச்சொல் கற்போருக்கு எந்த அளவு துணைபுரிகிறது என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கிரேக்கப் பெயரீடு

கூம்பு ஒன்றைத் தளத்தால் வெட்டும்போது கிடைக்கும் வளைவரைகளைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் அறிந்திருந்தனர். தொடக்கத்தில் அவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. குறுங்கோணக் கூம்பின் வெட்டு, செங்கோணக் கூம்பின் வெட்டு, விரிகோணக் கூம்பின் வெட்டு என அவை பிறக்கும் இடத்தைக் கொண்டே சுட்டப்பட்டன. ஆர்க்கிமிடீசின் நூல்களிலும் இவ்வழக்கே காணப்படுகிறது.

பெர்கா நகரத்து அப்பொலோனியசு (கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி) எட்டுப் பகுதிகளாக இயற்றிய 'கூம்பு வெட்டுகள்' என்னும் நூலில் இம்முறையை மாற்றினார். ஒரே கூம்பை வெவ்வேறு சாய்வில் வெட்டியே மூன்று வளைவரைகளையும் பெறலாம் என்று அவர் காட்டினார். பிறப்பிடம் ஒன்றாகிவிட்டபின் பழைய பெயர்கள் பொருந்தாமற் போயின. எனவே வளைவரையின் பண்பைக் கொண்டு புதிய பெயர்களை அவர் வழங்கினார். 'எல்லெய்ப்சிசு' என்றால் குறைதல். 'பரபொலே' என்றால் பக்கத்தில் வைத்துப் பொருத்துதல். 'ஹுப்பெர்பொலே' என்றால் மிகுதல். இவை அவர் புதிதாகப் படைத்த சொற்கள் அல்ல. ஒரு கோட்டுத்துண்டின்மீது குறிப்பிட்ட பரப்பைப் பொருத்தும் பழைய வடிவியற் கணக்கில் வழங்கிவந்த சொற்களையே அவர் எடுத்தாண்டார்.

இந்நூலின் முதல் நான்கு பகுதிகளே கிரேக்கத்தில் எஞ்சியுள்ளன. அடுத்த மூன்று பகுதிகள் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் செய்யப்பட்ட அரபு மொழிபெயர்ப்பு வழியாகக் கிடைத்தன. எட்டாம் பகுதி மறைந்துவிட்டது. அரபு மரபு கிரேக்க ஒலியை ஏற்கவில்லை, பொருளை ஏற்றது. நீள்வட்டம் 'நாகிசு' (குறைவான) வெட்டு என்றும், அதிபரவளையம் 'சாயித்' (மிகையான) வெட்டு என்றும் அங்கே பெயர் பெற்றன. தமிழ்ப் பேச்சுவழக்கில் மிகுதியைக் குறிக்கும் 'ஜாஸ்தி' என்னும் சொல்லும் இந்தச் 'சாயித்' என்னும் சொல்லின் வேரிலிருந்து உருது வழியாக வந்ததே என்பது நினைவுகூரத்தக்கது.

3. குறை, நேர், மிகை

அப்பொலோனியசு கருதிய மிகை எது என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். குவியத்தின் வழியே, அச்சுக்குச் செங்குத்தாக, வளைவரையின் இரு பக்கங்களையும் இணைக்கும் கோட்டுத்துண்டு செவ்வகலம் எனப்படும். செவ்வகலம் 4.5 அலகு உடைய மூன்று வளைவரைகளை ஒரே முனையிலிருந்து ஒரே அச்சின்மீது வரைவதாகக் கொள்வோம்: நெட்டச்சு 8 அலகு உள்ள நீள்வட்டம் ஒன்று, பரவளையம் ஒன்று, குறுக்கச்சு 8 அலகு உள்ள அதிபரவளையம் ஒன்று. முனையிலிருந்து அச்சின்வழியே 4 அலகு சென்று, அங்கிருந்து வளைவரை வரை ஒரு செங்குத்துக்கோடு எழுப்பி, அதன் உயரத்தின் வர்க்கத்தைக் காண வேண்டும். ஒப்பிடுவதற்குரிய செவ்வகத்தின் பரப்பு, செவ்வகலத்தையும் சென்ற தூரத்தையும் பெருக்கக் கிடைக்கும் 18.

நீள்வட்டம் : உயரத்தின் வர்க்கம் 9, செவ்வகத்தைவிட 9 குறைவு.
பரவளையம் : உயரத்தின் வர்க்கம் 18, செவ்வகத்துக்கு நேர்.
அதிபரவளையம் : உயரத்தின் வர்க்கம் 27, செவ்வகத்தைவிட 9 மிகை.

முனையிலிருந்து எந்தத் தூரத்தில் செங்குத்துக்கோடு எழுப்பினும், அது வளைவரையைச் சந்திக்கும்வரை இவ்வுறவு மாறுவதில்லை. குறையும் மிகையும் அளவில் மாறுமேயன்றித் தன்மையில் மாறா. ஆகவே கிரேக்கப் பெயர்கள் மூன்றும் ஒரே வினாவுக்குரிய மூன்று விடைகள். வர்க்கம் செவ்வகத்துக்குக் குறைகிறதா, பொருந்துகிறதா, மிகுகிறதா என்பதே அவ்வினா. பிற்காலத்தில் மையத்தொலைத்தகவு ஒன்றுக்குக் குறைவு, ஒன்றுக்குச் சமம், ஒன்றுக்கு மிகுதி என வளைவரைகள் வகைப்படுத்தப்பட்டபோதும் இதே முக்கூற்றுப் பாகுபாடு நிலைபெற்றது. மேலே கண்ட அதிபரவளையத்தில் இத்தகவு ஐந்தின்கீழ் நான்கு அன்று, நான்கின்கீழ் ஐந்து, அதாவது 1.25.

இச்சொற்கள் அணியிலக்கணத்திலும் வழங்கின. மிகைப்படக் கூறலுக்கும் சொல் எஞ்ச நிற்றலுக்கும் ஐரோப்பிய மொழிகளில் இன்றும் இவ்விரு கிரேக்கச் சொற்களின் வழிவந்தவையே பெயர்கள். தமிழ் இலக்கண மரபிலும் இவ்விணை உண்டு. நன்னூல் கூறும் நூற்குற்றங்கள் பத்தனுள் முதலிரண்டும் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலுமே. குறையையும் மிகையையும் எதிர்நிலைகளாக வைத்து எண்ணும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. எனினும் கணிதக் கலைச்சொல் அவ்வழியில் பிறக்கவில்லை.

4. இந்திய மொழிகளில்

கூம்பை வெட்டி வளைவரைகளை ஆராயும் முறை பண்டைய இந்தியக் கணிதத்தில் இடம்பெறவில்லை. நீள்வட்டம் மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. இராட்டிரகூட மன்னன் அமோகவர்சன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர் தம் 'கணிதசாரசங்கிரகம்' என்னும் நூலில் 'ஆயதவிருத்தம்' என்னும் உருவின் சுற்றளவுக்கும் பரப்புக்கும் விதிகள் தருகிறார். ஆயதவிருத்தம் என்பதற்கு நீண்ட வட்டம் என்பதே பொருள். சென்னையில் 1912ஆம் ஆண்டு மு. ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இந்நூல் அச்சேறியது.

நீள்வட்டம் கண்ணால் அறியப்படும் உரு. பிற இரண்டும் பாடநூல் வழியாக வந்தவை. இன்றைய சொற்களிலும் இவ்வேறுபாடு பதிந்துள்ளது எனலாம். இந்தியிலும் கன்னடத்திலும் 'தீர்கவிருத்த', தமிழில் 'நீள்வட்டம்' என அது தோற்றத்தால் பெயர் பெறுகிறது; 'குறைதல்' என்னும் கிரேக்கப் பொருள் அங்கே இல்லை. பரவலயமோ கிரேக்கச் சொல்லின் முன்னொட்டை ஒலியளவில் எதிரொலிக்கிறது. 'பர' என்னும் ஒலி காக்கப்பட்டு, எஞ்சிய பகுதிக்கு வளையத்தைக் குறிக்கும் 'வலய' ஈடாக நிற்கிறது. அதன்மேல் 'அதி' சேர்ந்து அதிபரவலயம் ஆகிறது. இவ்வாறு மூன்று சொற்களும் மூன்று வேறு நெறிகளில் அமைந்துவிட்டன: ஒன்று தோற்றத்தால், ஒன்று ஒலியால், ஒன்று இரண்டாவதன் வழிப்பிறப்பால்.

எல்லா இந்திய மொழிகளும் இவ்வழியில் செல்லவில்லை. மராத்தியில் அதிபரவளையம் 'அபாஸ்த' என்றும் பரவளையம் 'அன்வஸ்த' என்றும் வழங்குகின்றன. வங்காளத்தில் நீள்வட்டம் 'உபவிருத்த', பரவளையம் 'அதிவிருத்த', அதிபரவளையம் 'பராவிருத்த'. இங்கே 'பரா' என்னும் முன்னொட்டு அதிபரவளையத்துக்கு உரியதாகிவிட்டது. மேலும் வங்காளப் பரவளையத்தின் பெயரிலுள்ள முன்னொட்டு, மேல் என்னும் பொருளுடையது, மூச்சொலியோடு கூடியது. கடந்து என்னும் பொருளுடைய இந்தி முன்னொட்டு மூச்சொலி அற்றது. தமிழ் எழுத்தில் இரண்டும் 'அதி' என்றே அமையும். ஆகவே வங்காளப் பரவளையம் தமிழ் எழுத்தில் அதிபரவளையம்போலத் தோன்றும். பன்மொழிக் கலைச்சொல் அகராதியில் சொல்லை மட்டும் வரிசைப்படுத்தி, கருத்தை விளக்காவிட்டால் நேரக்கூடிய பிழைக்கு இது தக்க சான்று.

5. தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பின்னணி

தமிழில் மேலைக் கணிதம் எழுதும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. வட்டுக்கோட்டைக் குருமடத்தின் சூழலில் வளர்ந்த கறோல் விசுவநாதபிள்ளை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'வீசகணிதம்' எழுதினார். துறையின் பெயரே மூன்று வடிவங்களில் வழங்கியிருப்பது நோக்கத்தக்கது: அன்றைய வீசகணிதம், இலங்கையின் அட்சரகணிதம், தமிழ்நாட்டின் இயற்கணிதம்.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி நிறுவன வடிவம் பெற்றது. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பள்ளிப் பாடங்களுக்குரிய சொற்களைத் தொகுத்து 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சார்பு உடையதெனத் தமிழறிஞர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுவான இந்தியச் சொல்லா, தமிழ் வேர்ச்சொல்லா என்னும் விவாதம் அக்காலத்தின் முதன்மை விவாதமாக இருந்தது. 1960இல் கோவையில் கல்லூரி நிலையில் தமிழ் பயிற்றுமொழியாகத் தொடங்கியபின், விவாதத்தைவிடப் பாடநூலின் உடனடித் தேவை முன்னின்றது. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

இவ்விரு மரபுகளின் விளைவைக் கீழ்க்காணும் வரிசைகளில் காணலாம்.

தமிழ்நாடு : நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம், தொலைத்தொடுகோடு.
இலங்கை : நீள்வளையம், பரவளைவு, அதிபரவளைவு, அணுகுகோடு.

தமிழ்நாட்டில் மூடிய உருவுக்கு வட்டம், திறந்தவற்றுக்கு வளையம். இலங்கையில் மூடிய உருவுக்கு வளையம், திறந்தவற்றுக்கு வளைவு. வளையம் என்னும் ஒரே சொல் ஒரு கரையில் திறந்த வளைவரையையும் மறு கரையில் மூடிய வளைவரையையும் குறிக்கிறது. கையில் அணியும் வளையமும் காதணி வளையமும் மூடிய உருக்கள் ஆதலால், பொதுவழக்கோடு ஒத்துப்போவது இலங்கை வழக்கே எனலாம்.

6. சொல்லமைப்பு

வடமொழி 'வலய' தமிழில் ளகரம் பெற்று 'வளையம்' ஆகியிருப்பது வெறும் எழுத்து மாற்றம் அன்று. வளை, வளைவு, வளைதல் என்னும் தமிழ்ச் சொற்குடும்பத்தோடு அது இணைந்துவிட்டது. கன்னடத்தில் இக்குடும்பத்தின் சொல் 'பளெ' (கைவளை). தமிழ் வகரத்துக்குக் கன்னடப் பகரம் நேராவது அறிந்ததே. கன்னடக் கலைச்சொல் 'பளெ'யை நாடாமல் 'வலய' என்பதையே கொண்டது. கன்னடத்தில் அச்சொல் மண்டலம் என்னும் பொருளிலும் வழங்குகிறது. எனவே மைசூருவில் கற்கும் கன்னட மாணவர்க்கு 'அதிபரவலய' முழுவதும் தற்சமச் சொல். தமிழ் மாணவர்க்கு 'அதிபரவளையம்' பாதி தமிழ்ச் சொல். பரவு என்னும் வினையின் சாயலால் 'பரவிய வளையம்' என்று பொருள் கொள்ளவும் தமிழில் இடமுண்டு. வரலாற்றுக்குப் பொருந்தாத விளக்கமாயினும், திறந்து பரவும் வளைவரைக்கு அது தீங்கு செய்வதில்லை.

தீங்கு செய்யக்கூடியது 'அதி' என்னும் முன்னொட்டு. தமிழில் அதிவேகம் என்பது வேகத்தில் ஒருவகை. அதிவீரன் வீரருள் ஒருவன். இத்தொடர்களில் பின்னிற்கும் சொல்லே தலைமைச் சொல். இந்நெறியால் அதிபரவளையம் பரவளையத்தில் ஒருவகை, அல்லது மிகப்பெரிய பரவளையம், என்றாகிறது. கணிதத்தில் அவ்வாறு இல்லை. கிரேக்கத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். தமிழில் ஒன்று மற்றொன்றின் வழித்தோன்றல் ஆகிவிட்டது. செவ்வகலம் சமமாக உள்ளபோது அதிபரவளையம் எப்போதும் பரவளையத்துக்கு வெளியே செல்கிறது என்பதால் 'பரவளையத்தின் அளவைக் கடந்தது' என்னும் விளக்கம் உண்மையே. ஆனால் சொல்லின் இலக்கணம் அவ்விளக்கத்தைத் தானாகத் தருவதில்லை. யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது 'அதிபர்' என்னும் பழகிய சொல் முன்வந்து நிற்பதும் பிரித்தறிதலுக்கு இடையூறு ஆகலாம்.

7. வரைதலும் பெயரும்

பெயர் உண்டாக்கும் எதிர்பார்ப்பு வரைபடத்தாளில் வெளிப்படுகிறது. பெருக்கற்பலன் 12 ஆக உள்ள எண்ணிணைகளை எடுத்துக்கொள்வோம்: 1, 12, 2, 6, 3, 4, 4, 3, 6, 2, 12, 1. இப்புள்ளிகளைக் குறித்து இழைவாக இணைத்தால் அச்சுகளை நோக்கித் தாழும் ஒரு வளைவரை கிடைக்கும். வேகமும் நேரமும், வேலையாட்களும் நாட்களும் போன்ற பள்ளிக் கணக்குகளில் குறை எண்களுக்குப் பொருள் இல்லை. ஆகவே மாணவர் வரைவது ஒரு கிளை மட்டுமே. ஆனால் இயற்கணிதத்தில் −1, −12 முதலிய இணைகளும் பெருக்கற்பலன் 12 தருகின்றன. எதிர்க் கால்பகுதியில் இரண்டாம் கிளை தோன்றுகிறது. வளையம் என்னும் ஒருமைப் பெயர் இவ்விரட்டைத் தன்மையை உணர்த்துவதில்லை. அப்பொலோனியசு கூம்பை இருபுறமும் நீட்டி, எதிரெதிர் வெட்டுகள் இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அடுத்து, மூன்றாம் பிரிவில் கண்ட அதிபரவளையத்தை மையத்திலிருந்து வரைவதாகக் கொள்வோம். கிடைத்தூரத்தின் வர்க்கத்தை 16ஆல் வகுத்து, அதிலிருந்து குத்துத்தூரத்தின் வர்க்கத்தை 9ஆல் வகுத்ததைக் கழிக்க 1 கிடைப்பது அதன் சமன்பாடு. மையத்தைச் சுற்றி 8 அலகு நீளமும் 6 அலகு உயரமும் உள்ள செவ்வகத்தை வரைந்து, மூலைவிட்டங்களை இருபுறமும் நீட்டவேண்டும். செவ்வகத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் முனைகளில் தொட்டு, நீட்டிய மூலைவிட்டங்களை நெருங்கி, இரு கிளைகள் வெளிநோக்கிச் செல்லும். மூலைவிட்டங்களே வரைபவரின் கைக்கு வழிகாட்டிகள். கிடைத்தூரம் 8 ஆகும்போது கோட்டின் உயரம் 6, வளைவரையின் உயரம் ஏறத்தாழ 5.20. கிடைத்தூரம் 20 எனில் 15, 14.70. கிடைத்தூரம் 40 எனில் 30, 29.85. இடைவெளி 0.80, 0.30, 0.15 எனச் சுருங்குகிறது, சுழியாவதில்லை. பரவளையத்துக்கு இத்தகைய வழிகாட்டிக் கோடுகள் இல்லை. அதிபரவளையத்தைப் 'பெரிய பரவளையம்' என எண்ணி வரைபவர் தவறவிடுவது இக்கோடுகளையே.

இக்கோட்டின் கிரேக்கப் பெயருக்கு 'உடன் சேர்ந்து வீழாதது', அதாவது சந்திக்காதது, என்று பொருள். தமிழ்நாட்டுச் சொல் 'தொலைத்தொடுகோடு', தொலைவில் தொடுவது என்கிறது. இலங்கைச் சொல் 'அணுகுகோடு', நெருங்குவது என்கிறது. ஒரே கோட்டை ஒன்று சந்திக்காமையாலும், ஒன்று தொடுதலாலும், ஒன்று அணுகுதலாலும் குறிக்கிறது. தொலைத்தொடுகோடு என்பது முடிவிலியில் தொடும் கோடு என்னும் உயர்கணிதக் கருத்தைச் செறிவாகத் தருகிறது. ஆயினும் பள்ளி மாணவர் 'எவ்வளவு தொலைவில் தொடும்?' என்று கேட்டால் அது அச்சொல்லைச் சரியாகப் படித்ததன் விளைவே. மேற்காட்டிய இடைவெளி எண்களுக்கு நேராகப் பெயர் தருவது அணுகுகோடு.

8. முடிவுரை

பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் வேரூன்றிய ஒரு கலைச்சொல்லை மாற்றுவதால் விளையும் குழப்பம், அதன் குறையால் விளையும் குழப்பத்தைவிடப் பெரிது. அதிபரவளையச் சார்பு முதலிய வழிச்சொற்களும் அதன்மேல் எழுந்துவிட்டன. எனவே புதிய சொல் ஆக்குவது இங்கே தேவையன்று. தேவைப்படுவது இழந்த பொருளை மீட்டல். அதற்கு மூன்று செயல்கள் உதவும்.

முதலாவது, பாடநூலில் இச்சொல் முதன்முதலாக வரும் இடத்தில் 9, 18, 27 என்னும் எண்களைப் போன்றதோர் எடுத்துக்காட்டைத் தந்து, 'அதி' என்பது எதனின் மிகை என்பதைக் காட்டுதல். இரண்டாவது, பரவளையமும் அதிபரவளையமும் வகையும் உள்வகையும் அல்ல, இணையானவை என்பதை வெளிப்படையாகக் கூறுதல். மூன்றாவது, பொதுக் கலைச்சொல் தொகுதிகளில் தமிழ்நாட்டு வழக்கையும் இலங்கை வழக்கையும் ஒரே கருத்தின் கீழ் அருகருகே பதிவு செய்தல். தொலைத்தொடுகோட்டுக்கு விளக்கமாக அணுகுகோட்டை ஆளுதல்.

சொல்லாக்க வரலாற்றில் தமிழ்ச்சொல்லா வடசொல்லா என்னும் வினாவே பெரிதும் பேசப்பட்டது. அதிபரவளையத்தின் வரலாறு வேறொரு வினாவை முன்வைக்கிறது: சொல் எம்மொழி வேரினதாயினும், அது பிறந்தபோது கொண்டிருந்த கருத்து அதனுடன் வந்து சேர்ந்ததா என்பதே அது. அக்கருத்து சேராதவரை, மாணவர் மனத்தில் நிற்பது ஒரு நீண்ட பெயர் மட்டுமே. குறையும் மிகையும் தமிழ் மாணவர் நன்கறிந்த சொற்கள் ஆதலால், அக்கருத்தைக் கொண்டுசேர்ப்பது அரிய செயலன்று.